பத்தரை மணிக் கடற்காற்று

போன வாரம் செவ்வாய்க்கிழமை. பகல் பன்னிரண்டு மணி. திருவிடந்தைக் குப்பத்தில் ஒரு மொட்டை மாடி. என் எதிரே, கவிழ்த்து வைத்த ஓர் அலுமினிய அன்னக்கூடை. காற்றில் பறந்துவிடாமல் இருக்க அதன் மேல் ஒரு செங்கல்.

அதைத் தூக்கிப் பார்த்தேன். கொதிக்கிற தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"தரை சுடும்னு நீதானேம்மா சொன்ன?" என்றாள் யாழினி. என் மகள். ஐந்து வயது. நான் சொன்னதையெல்லாம் எனக்கே திருப்பிச் சொல்கிற வயது.

சுட்டதே எனக்குத் தெரியவில்லை.

மீன்காரர்கள் மீன் வைத்துக்கொள்கிற சாதாரண அன்னக்கூடை. அதைப் பார்த்து ஒருத்தி ஏன் இப்படி ஆக வேண்டும்? சொல்கிறேன். ஆனால் அதற்கு என் ப்ராஜெக்டைப் பற்றி மறுபடியும் பேச வேண்டியிருக்கிறது. இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்கள் பெருமூச்சு விடுவது கேட்கிறது... பொறுத்துக்கொள்ளுங்கள். இதுதான் கடைசி.

நான் எம்.இ. படிக்கிறேன். கம்ப்யூட்டர் நெட்வொர்க்கிங். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கல்லூரி. சேர்ந்தபோது யாழினி பிறக்கவில்லை. பிறகு அவள் பிறந்தாள், நடந்தாள், பேசினாள், பள்ளிக்கூடம் போனாள் — நான் மட்டும் ப்ராஜெக்டை முடிக்கவில்லை. இரண்டு முறை கூடுதல் அவகாசம் கொடுத்தார்கள். இந்த செமஸ்டர்தான் கடைசி. இதிலும் முடிக்காவிட்டால் என் சேர்க்கையே ரத்து. முதலிலிருந்து படிக்க வேண்டும். அதற்கு எனக்குத் தெம்பும் இல்லை, முகமும் இல்லை.

ப்ராஜெக்ட் இதுதான். கடற்கரையில் ஐந்து சின்னக் கருவிகள். காற்றின் வேகம், தண்ணீரின் ஏற்றம் இவற்றை அளந்து, நிமிடத்துக்கு ஒரு தரம் ரேடியோவில் சொல்லும். குப்பத்தில் ஒரு வீட்டு மாடியில் இருக்கும் ரிசீவர் அதைக் கேட்டு மெமரி கார்டில் எழுதிக்கொள்ளும். கடல் திடீரென்று பொங்கினால், படகில் இருப்பவர்களுக்கு எச்சரிக்கை கொடுக்க இப்படி ஓர் ஏற்பாடு சரிப்படுமா என்பதுதான் கேள்வி. அனுப்பியதில் எவ்வளவு வந்து சேர்கிறது, எவ்வளவு வழியில் தொலைகிறது? நூறு கடிதம் போட்டுவிட்டு எத்தனை கிடைத்தது என்று கேட்பது மாதிரி. அவ்வளவுதான்.

மாடி கொடுத்தவர் கன்னியம்மா அக்கா. மீன் விற்கிறவர். ஒரே மகன் ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவன். நாலைந்து வீட்டில் கேட்டு, "கரண்டு இழுக்கும்", "காக்கா தூக்கும்" என்று திருப்பி அனுப்பப்பட்டு நான் நின்றபோது, "இத்தினூண்டு டப்பாதானே? வெச்சிட்டுப் போ" என்று சொன்னவர்.

நான் வைத்தேன். வைத்துவிட்டு சும்மா வந்தேனா? அதுதான் என்னால் முடியாதே.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை ஏழு மணிக்குப் போய் மெமரி கார்டை மாற்றுவேன். வீட்டில் விட்டால் அழுவாள் என்று யாழினியையும் கூட்டிப் போவேன். புதுப்பட்டினத்திலிருந்து பஸ். கல்யாணம் கூடிவர வேண்டிப் பெருமாள் கோயிலுக்கு மாலையோடு போகிற கூட்டத்துக்கு நடுவில் இறங்கி, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவேன். ஒன்பது மணிக்கு மேல் ஈ.சி.ஆர். வெயிலில் குழந்தையை நிற்க வைக்க எனக்கு மனம் வராது. தொப்பி, அதற்கு மேல் துப்பட்டா, கையில் தண்ணீர் பாட்டில், பையில் இன்னொரு தண்ணீர் பாட்டில்... என் கணவர் இதற்கு 'சந்திரனுக்குப் போகிற உடுப்பு' என்று பெயர் வைத்திருக்கிறார்.

இத்தனை மாதங்களில் ஒரே ஒரு நாள்கூட நான் அந்த மாடியை நண்பகலில் பார்த்ததில்லை. இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, முடிவுகள் வந்தன. அழகான முடிவுகள். தினமும் காலை பத்தரை வரைக்கும் எல்லாத் தகவலும் ஒழுங்காக வருகிறது. பத்தரைக்கு மேல் திடுதிப்பென்று பாதிக்கு மேல் காணாமல் போகிறது. மாலை நாலு மணிக்கு மறுபடியும் சரியாகிவிடுகிறது. மேகமூட்டமான நாட்களில் மட்டும் இழப்பே இல்லை.

இதைப் படித்தவுடன் உங்களுக்கு என்ன தோன்றுகிறது? எனக்குக் கடற்காற்று தோன்றியது. வெயில் ஏறினால் நிலம் சூடாகும், கடலிலிருந்து உப்பும் ஈரமுமாகக் காற்று வீசும், அது சமிக்ஞையை மட்டுப்படுத்தும். மேகம் மூடினால் சூடு இல்லை, காற்று இல்லை, இழப்பும் இல்லை. எல்லாம் கச்சிதம். அதை வைத்து ஐந்தாவது அத்தியாயம் எழுதினேன். முப்பத்தெட்டுப் பக்கம். சமன்பாடுகள், வண்ண வரைபடங்கள் எல்லாம் உண்டு. என் கைடு அதைப் படித்துவிட்டு, "இதுதாம்மா ரிசர்ச்" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை அதுவரை வந்ததே இல்லை.

தீசிஸை பைண்டு செய்து கொடுத்தாயிற்று. வியாழக்கிழமை வைவா, வாய்மொழித் தேர்வு. திங்கட்கிழமை கைடு ஸ்லைடுகளைப் பார்த்துவிட்டு, "ரிசீவர் போட்டோ ஒண்ணுகூட உருப்படியா இல்லையே?" என்றார். இருந்த படங்களில் எல்லாம் யாழினியின் விரலோ முகமோ பாதியை மறைத்தது. செவ்வாய்க்கிழமை அவளுக்குப் பள்ளி அரை நாள். வேறு வழியில்லாமல், சந்திரனுக்குப் போகிற உடுப்போடு, நண்பகலில் போய் இறங்கினோம்.

கன்னியம்மா அக்கா வாசலில் நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா டீச்சரம்மா, இந்த நேரத்துல வந்துகீற? புள்ளய வேற இட்டாந்துகீற."

நான் டீச்சர் இல்லை. நோட்டும் பேனாவுமாக வருகிறவர்கள் எல்லாரும் அவருக்கு டீச்சர்தான்.

"ஒரு போட்டோ எடுக்கணும்க்கா. ரெண்டு நிமிஷம்."

"மேலதான் கீது. போய் எடுத்துக்கோ."

போனேன். ரிசீவர் இல்லை. அது இருந்த இடத்தில் அன்னக்கூடை. செங்கல்லை எடுத்துவிட்டுத் தூக்கினேன். உள்ளே என் ரிசீவர், அடைகாக்கிற கோழிக்குக் கீழே முட்டை மாதிரி பத்திரமாக இருந்தது. ஒயர் நசுங்காமல் இருக்க ஒரு பக்கம் மட்டும் விளிம்பைக் கல் வைத்துத் தூக்கி விட்டிருந்தார்கள். மிச்சத் தகவலாவது வந்தது அந்த இடுக்கு வழியாகத்தான்.

நெட்வொர்க்கிங் படிக்காதவர்களுக்கு ஒரு வரி. ரேடியோ சமிக்ஞையைத் தடுக்க வேண்டுமென்றால் உலோகத்தால் மூடினால் போதும். முதல் செமஸ்டரில் படித்தது.

அக்கா பின்னாலேயே ஏறி வந்தார். நான் தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "இன்னாம்மா, மயக்கம் வருதா? தண்ணி எட்தாரவா?" என்றார்.

"அக்கா... இதை யாரு மூடினது?"

"நான்தான்."

"இன்னிக்கா?"

"டெய்லிதான். காத்தால மீன் வித்துட்டு வந்து, கூடைய கழுவி, இத்து மேல கவுத்துடுவேன். சாய்ங்காலம் கரைக்குப் போகச்சொல்லோ எடுத்துகினு போயிடுவேன்."

"எத்தனை மணிக்கு மீன் வித்துட்டு வருவீங்க?"

"பத்து, பத்தரை ஆவும்."

"சாயங்காலம்?"

"நாலு."

இன்னும் ஒரு கேள்வி பாக்கி. பதில் தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

"மேகமா இருந்தா?"

"மப்பா இருந்தா இன்னாத்துக்கு மூடணும்? வுட்ருவேன்."

முப்பத்தெட்டுப் பக்கம். கடற்காற்று இல்லை. உப்பு இல்லை. ஈரம் இல்லை. கன்னியம்மா அக்கா மீன் விற்றுவிட்டு வருகிற நேரத்தைத்தான் நான் வரைபடம் போட்டு, சமன்பாடு எழுதி, பைண்டு பண்ணிக் கொடுத்திருக்கிறேன்.

"ஏன்க்கா மூடினீங்க?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "நீதானேம்மா சொன்ன? மழைக்குத் தாங்கும், வெயிலுதான் ஆகாது, எம்புள்ள மாதிரி, பாத்துக்கோக்கான்னு. வாராவாரம் சொல்லிட்டுத்தானே போற. கொளுத்துற வெயில்ல புள்ளய யாராச்சும் மூடாம வுடுவாங்களா? உம்புள்ளயப் பாரு, கண்ணு மட்டும்தான் தெரியுது."

யாழினி துப்பட்டாவுக்குள்ளிருந்து கண்ணை உருட்டினாள்.

அதிர்ச்சி என்றால் என்னவென்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தப்பு நடந்தது அதிர்ச்சி இல்லை. தப்பு செய்தவரைத் தேடிக்கொண்டு போனால், என் வீட்டு வாசலிலேயே போய் நிற்கிறேன் — அதுதான்.

"கடற்காற்றுன்னு நினைச்சேன்க்கா" என்றேன், பரிதாபமாக.

"பத்தரைக்கு ஏதும்மா கடக்காத்து? அது உச்சிக்கு மேலதான் எந்திரிக்கும். என்னை ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பனே."

கேட்கவில்லை. இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் அவரிடம் ஆயிரம் முறை 'பத்திரம்' சொல்லியிருக்கிறேன். ஒரு கேள்வி கேட்கவில்லை.

பஸ் ஸ்டாப்பிலிருந்தே கைடுக்குப் போன் செய்தேன். அவரைப் பற்றித் தவறாக நினைத்துவிடாதீர்கள். இரண்டு முறையும் எனக்கு அவகாசம் வாங்கித் தந்தவர் அவர்தான். முழுவதையும் கேட்டார்.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கும் கன்னியம்மா அக்காவுக்கும்தான் சார்."

"அந்தம்மா வைவாவுக்கு வராங்களா?"

"இல்ல சார்."

"அப்புறம் என்னம்மா? பைண்டு பண்ணியாச்சு. எக்ஸாமினர் வெளியூர்ல இருந்து வராங்க. உங்களுக்கு இனிமே அவகாசம் கேக்க என்னால முடியாது. ஸ்லைடை மாத்தாதீங்க. நான் சொல்றது இவ்வளவுதான்."

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "முதல்ல பட்டத்தை வாங்கு. உண்மையை அப்புறமா சொல்லிக்கலாம். அது எங்கயும் ஓடிடாது" என்றார்.

எல்லாரும் என் நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள். எல்லாரும் ஆளுக்கொரு அன்னக்கூடை வைத்திருக்கிறார்கள்.

அக்காவிடம் புதன்கிழமை மட்டும் மூடாமல் விடச் சொல்லியிருந்தேன். அரை மனதோடு சம்மதித்தார். "ஒண்ணு ஆச்சுன்னா என்னைக் கேக்கக்கூடாது." நல்ல வெயில் அடித்த நாள். மாலை போய்க் கார்டை எடுத்து வந்து வரைபடம் போட்டேன். பத்தரைக்கு ஒன்றும் ஆகவில்லை. பன்னிரண்டுக்கும் இல்லை. இரண்டுக்கும் இல்லை. கோடு ஆடாமல் அசையாமல் நேராகப் போனது. கடற்காற்று தன்பாட்டுக்கு வீசியிருக்கிறது. என் கருவியை அது சட்டைகூடச் செய்யவில்லை.

ஒரு ஸ்லைடு தயார் செய்தேன். இடது பக்கம் அன்னக்கூடையின் படம். வலது பக்கம் அந்த நேர்கோடு. அதை எங்கே வைத்தேன் தெரியுமா? 'நன்றி' என்று போடுகிற கடைசி ஸ்லைடுக்கும் பின்னால். காட்டவும் செய்யலாம், காட்டாமலும் விடலாம் இல்லையா? என் வீரம் அவ்வளவுதான்.

வியாழக்கிழமை. எக்ஸாமினர் என் அம்மா வயதில் ஒரு பெண்மணி. சிரிக்கவில்லை. கோபமும் இல்லை. பென்சிலை வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். முதல் நான்கு அத்தியாயங்களில் நிறையக் கேட்டார், ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஐந்தாவது வந்தது. பென்சிலைக் கீழே வைத்தார்.

"இந்த தீசிஸ்லயே பெஸ்ட் சாப்டர் இதுதான். ஏன் இன்னும் பேப்பரா அனுப்பல?"

திட்டியிருந்தால் தேவலை. கைடு தன் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்தார், மூடினார், திறந்தார்.

எக்ஸாமினர் தொடர்ந்தார். "அப்போ, பகல் நேரத்துல இந்தக் கடற்கரைக்கு ரேடியோ எச்சரிக்கை சரிப்படாது. இதைத்தானே உங்க முடிவா எடுத்துக்கலாம்?"

ஆமாம் என்று சொல்ல வேண்டும். ஒரே வார்த்தை. சொன்னால் நான் எம்.இ.

ஆனால் அந்த வார்த்தை அச்சில் ஏறும். யாரோ ஒருவர் ஏதோ ஓர் அலுவலகத்தில் அதைப் படிப்பார். 'இந்தக் கரைக்கு இது வேண்டாம், ஏற்கெனவே ஆராய்ந்துவிட்டார்கள்' என்று ஒரு கோடு போடுவார். கன்னியம்மா அக்காவின் மகன் பகல் பன்னிரண்டுக்குப் படகில் இருப்பான். அவனுக்கு வர வேண்டிய சத்தம் வராது. அவன் அம்மா என் டப்பாவை வெயிலிலிருந்து காப்பாற்றிய ஒரே காரணத்தால்.

"இல்ல மேடம்" என்றேன். "இன்னும் ஒரு ஸ்லைடு இருக்கு."

'நன்றி' வந்தது. போனது. திரையில் அன்னக்கூடை. எவ்வளவு பெரிதாக இருந்தது தெரியுமா? சுவர் முழுக்க அலுமினியம்.

"இது என்ன?"

"அன்னக்கூடை மேடம். மீன் வைக்கிறது."

"தெரியும். இங்க ஏன் இருக்கு?"

சொன்னேன். மீன் விற்கிற நேரம், கரைக்குப் போகிற நேரம், மப்பு, வெயில், என் 'பத்திரம்' எல்லாவற்றையும். நடுவில் எங்கும் நிறுத்தவில்லை. கைடு என்னைப் பார்க்கவே இல்லை, மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை மாசத்துல மத்தியானம் எத்தனை தடவை அந்த மாடிக்குப் போனீங்க?"

"ஒரு தடவைகூட இல்ல மேடம். குழந்தைக்கு வெயில்..."

அப்போது அவர் செய்த காரியத்தை நான் எதிர்பார்க்கவில்லை. தீசிஸை மூடவில்லை. முன்பக்கத்துக்குப் புரட்டி, நன்றியுரையை எடுத்தார். சத்தமாகப் படித்தார். இறைவனுக்கு நன்றி. கல்லூரிக்கு நன்றி. கைடுக்கு நன்றி. கணவருக்கு, மகளுக்கு நன்றி. குறித்த நேரத்தில் பைண்டு செய்து கொடுத்த ஜெராக்ஸ் கடைக்கு நன்றி.

"அந்தம்மா பேரு இதுல எங்க?"

இல்லை.

இரண்டாம் அத்தியாயத்தில் இருக்கிறார். 'உள்ளூர்வாசி ஒருவரின் மாடி' என்று.

இந்த வாரத்தில் எத்தனையோ அதிர்ச்சி பார்த்துவிட்டேன். இதற்கு முன்னால் அன்னக்கூடையெல்லாம் ஒன்றுமே இல்லை. ஜெராக்ஸ் கடைக்காரர் ஞாபகத்துக்கு வந்திருக்கிறார். மாதக்கணக்கில் தினமும் செங்கல்லைத் தூக்கி வைத்தவர் வரவில்லை.

வெளியே உட்காரச் சொன்னார்கள். பெஞ்சில் உட்கார்ந்து, சேர்க்கை ரத்து என்று வீட்டில் எப்படிச் சொல்வது என்று வாக்கியம் அமைத்துப் பார்த்தேன். நாலு விதமாக அமைத்தேன். நாலும் சரியில்லை. கதவு திறந்தது.

தேறிவிட்டேன். ஒரு நிபந்தனையோடு. ஐந்தாம் அத்தியாயத்தைத் திருத்தி எழுதி மூன்று வாரத்தில் கொடுக்க வேண்டும். "மூடி எடுத்த அளவு, திறந்து எடுத்த அளவு, ரெண்டும் வேணும். மூடினா என்ன ஆகும்னும் போடணும். எந்தக் கடற்கரையிலயும் யாராவது எதையாவது மூடத்தான் செய்வாங்க" என்றார் எக்ஸாமினர். படியிறங்கும்போது கைடு பக்கத்தில் வந்தார். "அந்தக் கூடையை ஒரு தரம் அளந்து போட்டுடுங்க, விட்டம், உயரம்" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

ஞாயிற்றுக்கிழமை திருவிடந்தைக்குப் போனேன். ஏழு மணிக்கு இல்லை. பன்னிரண்டுக்கு. யாழினிக்குத் தொப்பி மட்டும். துப்பட்டா பையில்தான் இருந்தது. மேலாகவே வைத்திருந்தேன், கைக்கு எட்டுகிற மாதிரி.

அக்காவிடம் டேப்பை நீட்டினேன். கூடையை அளந்தோம். அவர் பிடித்தார், யாழினி எண்ணைப் படித்தாள், நான் எழுதினேன்.

"பாஸாயிட்டியா?"

"ஆயிட்டேன்க்கா. திருத்தி எழுதணும். புக்குல உங்க பேரைப் போடப்போறேன். போடலாமா?"

முதல்முறையாக, அவர் விருப்பத்தைக் கேட்கிற ஒரு கேள்வி. அவர் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். யோசித்தார்.

"இன்னான்னு போடுவ?"

"ரிசீவரை வெயில்ல மூடி வெச்சீங்கன்னு..."

"மூடினேன்னு போடாத" என்றார். "பாத்துகினேன்னு போடு."

அப்படியே போட்டிருக்கிறேன். 'கருவியைப் பார்த்துக்கொண்டவர்: கன்னியம்மா, திருவிடந்தைக் குப்பம்.' நன்றியுரையில் முதல் வரி அதுதான். கைடு பெயர் இரண்டாவது.

கைடு இன்னும் அதைப் பார்க்கவில்லை.